திறக்க மறுத்த கோப்பு

வேலையில் நான் செய்த மிகப் பெரிய தவறுக்காக எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். அதனாலேயே அது தவறு என்று புரிய மூன்று மாதம் ஆயிற்று. குறியாக்க மென்பொருள் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டபோது அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. நன்றாக முடிந்த வேலைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். இதைச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

என் பெயர் சுகந்தி. காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். போன வருடம் ஓய்வு பெறும்வரை, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே நிறுவனத்தில் இருந்தேன். நாம் விற்பது கோப்புகளைப் பூட்டி அனுப்பும் மென்பொருள். என் வேலை நிரல் எழுதுவது அல்ல. வாங்கியவர்களின் இடத்துக்குப் போய் அதை ஓடவைப்பதுதான். நம்முடையது வேறு யாருடைய மென்பொருளோடாவது முட்டிக்கொண்டு நின்றால் என்னைத்தான் அனுப்புவார்கள்.

அப்படி அனுப்பப்பட்ட இடங்களில் ஒன்று ஒக்கலிபுரத்தில் இருந்த ஒரு காசநோய் கிளினிக். ஒரு தொண்டு அமைப்பு நகரத்தில் ஒன்பது கிளினிக்குகளை நடத்தி வந்தது. இருமலோடு வருகிறவர்களிடம் சளி மாதிரி எடுத்து நகரத்தின் இன்னொரு மூலையில் இருந்த பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். முடிவுகள் பட்டியலாகக் கணினி வழியே திரும்பி வரும். யாருக்கு நோய் இருக்கிறதோ அவர்களைக் கூப்பிட்டு உடனே மருந்து தொடங்க வேண்டும்.

பட்டியலைப் பூட்டி அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கிளினிக்கின் ஆலோசகர் லலிதா அதை எனக்கு முதல் நாளே சொன்னார். ஒக்கலிபுரத்திலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும்.

"முன்னாடியெல்லாம் பேப்பர்ல வரும் மேடம். யாரோ ஒருத்தர் அதைப் பார்த்துட்டுப் போய் வீட்டு ஓனர்கிட்ட சொல்லிட்டாங்க. ஒரே வாரம், அந்தக் குடும்பத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டான். அந்தப் பொண்ணு மருந்து வாங்கவும் வரல, எங்க போனாங்கன்னும் தெரியல. அதுக்கப்புறம்தான் இந்தப் பூட்டு, சாவி எல்லாம்."

பரிசோதனைக்கூடம் நம் மென்பொருளை வாங்கியிருந்தது. ஒன்பது கிளினிக்குகளும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை வைத்திருந்தன. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று படிக்கலாம், திருத்தலாம். உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதுவது. நம்முடையதும் அவர்களுடையதும் ஒரே பொது விதிமுறையைப் பின்பற்றுவதாகத்தான் பேச்சு. ஒன்றில் பூட்டியது மற்றதில் திறக்க வேண்டும். ஆனால் நம் மென்பொருளில் பூட்டி அனுப்பிய எந்தப் பட்டியலையும் அது திறக்க மறுத்தது.

லலிதா திரையைக் காட்டினார். சிவப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி. "இது என்ன சொல்லுதுன்னு எனக்குப் புரியல. திறக்கலன்னு மட்டும் புரியுது" என்றார்.

எனக்குப் புரிந்தது. பூட்டோடு சேர்த்து ஒரு முத்திரையும் வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். பூட்டு, அடுத்தவர் படிக்காமல் காக்கும். முத்திரை, வழியில் எதுவும் மாறவில்லை, குறையவில்லை என்று உறுதி சொல்லும். நம் மென்பொருளில் முத்திரை வைக்கும் வசதி இருந்தது. ஆனால் சில பழைய வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு முத்திரை புரியாது என்பதால், வாங்கும்போதே அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பரிசோதனைக்கூடத்திலும் அப்படித்தான் இருந்தது. முத்திரை இல்லாத கோப்பை நம்ப முடியாது என்று கட்டற்ற மென்பொருள் ஒதுங்கிக்கொண்டது.

அங்கே முத்திரையைப் போடச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு பரிசோதனைக்கூடத்தின் நிர்வாகத்திடம் எழுதி, அனுமதி வாங்கி, மறுபடி எல்லாவற்றையும் சோதிக்க இரண்டு வாரம் ஆகும். கிளினிக்கில் ஆட்கள் காத்திருந்தார்கள். நம் நிறுவனத்தில் படிக்க மட்டும் பயன்படும் ஒரு சிறிய மென்பொருள் உண்டு. யாருக்கும் இலவசமாகக் கொடுப்போம். அதை லலிதாவின் கணினியில் போட்டேன். பட்டியல் உடனே திறந்தது. ஒரே வாரத்தில் மற்ற எட்டு கிளினிக்குகளிலும் போட்டுவிட்டேன்.

எல்லோரும் நன்றி சொன்னார்கள் என்றேன் அல்லவா, அது அப்போதுதான். ஒருவர் மட்டும் சொல்லவில்லை.

அவர் நாகராஜ். மர்பி டவுன்காரர். ஒரு கல்லூரியில் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பப் பணியாளர். அந்தக் கட்டற்ற மென்பொருளை எழுதுகிறவர்களில் அவரும் ஒருவர். ஒன்பது கிளினிக்குகளிலும் அதைப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், சம்பளம் இல்லாமல். அடுத்த நாளே எனக்கு போன் செய்தார்.

"மேடம், அது திறக்கலன்னா சும்மா ஒண்ணும் அடம் பிடிக்கல. காரணம் இருக்குது. நீங்க இன்னா பண்ணிட்டீங்கன்னா, கதவு தொறக்கலன்னு சொவுத்த இடிச்சிட்டீங்க."

"நாகராஜ், அவங்களுக்கு லிஸ்ட் வேணும். உங்க சாஃப்ட்வேர் ரொம்ப கறார். எங்களது எதையும் திறக்கும்" என்றேன்.

"எதையும் தொறக்கும்ன்றதுதான் மேடம் எனக்கு பயமா இருக்குது."

அவர் கொஞ்சம் பொறாமையில் பேசுகிறார் என்று நினைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன் என்பது உண்மை. வேலை முடிந்தது என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை லலிதா கூப்பிட்டார். குரலில் பதற்றம் இல்லை, குழப்பம் இருந்தது.

"மேடம், இங்க ஒரு அம்மா வந்திருக்காங்க. சாம்பிள் குடுத்து பதினாறு நாள் ஆச்சாம். யாரும் கூப்பிடலையேன்னு அவங்களே வந்துட்டாங்க. என் லிஸ்ட்ல அவங்க நம்பரே இல்ல."

"லேப்ல விட்டிருப்பாங்க. கேட்டுப் பாருங்க."

"கேட்டுட்டேன் மேடம். அன்னிக்கு நாப்பத்தி ஒண்ணு அனுப்பினோம்கிறாங்க. எனக்கு முப்பத்தி நாலுதான் இருக்கு. சொல்ப வந்து பார்க்கறீங்களா?" 'கொஞ்சம்' என்பதற்கு அவர் வாயில் கன்னடம்தான் வரும்.

நான் போனபோது அந்தப் பெண்மணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகக்கவசத்துக்குள் இருமிக்கொண்டு, மடியில் ஒரு துணிப்பை. வேலைக்குப் போகிற வழியில் வந்திருப்பார் போல. அவரைக் கடந்துதான் உள்ளே போனேன். அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

பட்டியலைத் திறந்து கடைசி வரிக்குப் போனேன். முப்பத்து நான்காவது ஆள். அவருடைய தொலைபேசி எண் ஆறு இலக்கத்தோடு நின்றிருந்தது.

"இது அப்பவே பார்த்தேன். டைப் பண்றவங்க விட்டுட்டாங்கன்னு நினைச்சு, அட்ரஸ் வெச்சு ஆள அனுப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார் லலிதா.

அன்று பரிசோதனைக்கூடத்தில் இணைய இணைப்பு பாதியில் அறுந்திருக்கிறது. கோப்பில் வந்து சேர்ந்தது எவ்வளவோ அவ்வளவு. முத்திரை இருந்திருந்தால் எந்த மென்பொருளும் அதைத் திறக்காது. முத்திரை இல்லை, நான் போட்டுக் கொடுத்த மென்பொருள் கிடைத்ததை அழகாகத் திறந்து காட்டிவிட்டது. எந்த எச்சரிக்கையும் இல்லை. ஏழு பேர் பட்டியலிலிருந்து விழுந்துபோனது யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் ஒரு கிளினிக்கில் நடந்தது, மூன்று மாதத்தில் ஒன்பது கிளினிக்குகளில் எத்தனை தடவை நடந்திருக்கும்? அந்தக் கேள்விதான் என்னை நாற்காலியில் உட்காரவைத்தது.

மேலாளரைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர், இருபது பேருடைய வேலை அவர் தலையில் இருந்தது. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நெட்வொர்க் கட் ஆனதுக்கு நாம என்னங்க பண்ண முடியும்? அதைத்தானே சொல்லணும்? ரெண்டு நாள்ல ஒரு அப்டேட் அனுப்பிடலாம். அதுவரைக்கும் நாமளா எதுவும் எழுத வேண்டாங்க, சுகந்தி."

அவர் சொன்னதில் பொய் இல்லை. இணைப்பு அறுந்தது நிஜம். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்று கையில் கிடைக்கும் சாக்கு பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அதுதான் கஷ்டம். பொய்யாக இருந்தால் தள்ளிவிடுவது சுலபம்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். லலிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் பேசியது அவருக்குக் கேட்டிருக்காது. என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"மேடம், என்கிட்ட இருக்கிற மத்த லிஸ்டை நம்பலாமா?"

அந்தக் கேள்விக்கு 'ரெண்டு நாள் பொறுங்க' என்று பதில் சொல்ல முடியாது. அந்த ரெண்டு நாளும் பட்டியலில் இல்லாதவர் ஒருவர் பேருந்தில் போவார், வீட்டில் பிள்ளைகளோடு படுப்பார்.

"நம்ப முடியாது லலிதா. தப்பு எங்க சாஃப்ட்வேர்ல. அதை இங்க போட்டது நான்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "ஆய்த்து" என்றார், சரி என்பதுபோல. "அப்ப முதல்ல என்ன பண்ணணும், சொல்லுங்க."

எல்லாக் கோப்புகளையும் வாங்கி அளவு பார்த்து, ஒரு நிரல் எழுதி என்று மனம் எங்கோ ஓடியது. நாகராஜுக்கு போன் செய்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் நான் அலட்சியமாகப் பேசி வைத்த மனிதர். நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவர் முதலில் கேட்பது 'நான் அப்பவே சொன்னேன்ல' என்பதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"அந்த அம்மா இன்னும் அங்கதான் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க."

"மொதல்ல அவங்க ரிசல்ட்ட லேப்ல போன் போட்டுக் கேளுங்க. நான் பர்மிஷன் போட்டுகினு வரேன்."

கேட்டோம். அவருக்கு நோய் இருந்தது. லலிதா அவரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றே மருந்து தொடங்கினார்கள்.

நாகராஜ் அரை மணி நேரத்தில் வண்டியில் வந்து இறங்கினார். நான் கோப்பு அளவுகளை ஒப்பிடும் நிரல் பற்றி ஆரம்பித்தேன். கையால் தடுத்தார்.

"அதெல்லாம் சாயங்காலம் எழுதிக்கலாம் மேடம். ஒம்போது கிளினிக்லயும் போன் இருக்குது. லேப்லயும் போன் இருக்குது. ஒவ்வொரு நாளும் எத்தினி பேர் அனுப்பினீங்க, எத்தினி பேர் வந்தாங்க. எண்ணிக்கைய மட்டும் ஒப்பிட்டா போதும். பெயரே சொல்ல வேணாம்."

முப்பது வருடம் கணினியோடு இருந்தவளுக்கு அது தோன்றவில்லை. பெயர் வெளியே போகாது, எந்த மென்பொருளையும் நம்ப வேண்டியதில்லை, உடனே தொடங்கலாம். அவசரத்தில் நமக்குத் தெரிந்த கருவியைத்தான் கை தேடும். அன்று முதல், எந்தச் சிக்கலிலும் கணினியைத் தொடாமல் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வேன்.

ஆனால் ஒன்பது கிளினிக்குகளும் வேலையை நிறுத்திவிட்டு மூன்று மாதக் கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். லலிதாவின் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். 'எங்கள் மென்பொருள் பாதியில் அறுந்த பட்டியலை எச்சரிக்கையின்றித் திறக்கிறது. அதை உங்கள் கணினிகளில் போடலாம் என்று முடிவெடுத்தவள் நான். தயவுசெய்து இன்றே எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.' மேலாளருக்கும் ஒரு பிரதி வைத்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். அழுத்தினேன்.

மேலாளர் உடனே கூப்பிட்டார். "நான் வேண்டான்னு சொன்னேனுங்களே." குரல் உயரவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஆமாங்க சார். ஆனா காத்திருக்க முடியாதுங்க. நாளைக்கு நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி" என்றேன். வைத்துவிட்டார்.

மாலைக்குள் எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்துவிட்டது. இன்னும் இரண்டு கிளினிக்குகளில் தலா ஒரு பட்டியல் அறுந்திருந்தது. மூன்றையும் சேர்த்தால் பதின்மூன்று பேர் விடுபட்டிருந்தார்கள். அவர்களில் நான்கு பேருக்கு நோய். ஒருவர் அன்று காலை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா. இரண்டு பேரை மறுநாளே கண்டுபிடித்துவிட்டார்கள். நான்காவது ஆள் கட்டடத் தொழிலாளி. கொடுத்திருந்த முகவரியில் இப்போது கட்டடம் முடிந்து வேறு யாரோ குடியிருந்தார்கள். கிளினிக்கின் களப்பணியாளர்கள் மேஸ்திரி மேஸ்திரியாக விசாரித்து, பத்து நாள் கழித்து ஹொசக்கோட்டைப் பக்கம் ஒரு கட்டட வேலையில் அவரைப் பிடித்தார்கள். அந்தப் பத்து நாளும் நான் வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். எதிலும் மனம் ஒட்டவில்லை. "கிடைச்சிட்டாரு மேடம். நடந்துதான் வந்தாரு, நல்லாத்தான் இருக்காரு" என்று லலிதா சொன்னபோது நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பரிசோதனைக்கூடத்தின் மருத்துவர், நாம் மறைக்காமல் சொன்னதால்தான் இந்த மென்பொருளைத் தொடர்ந்து வைத்துக்கொள்கிறோம் என்று மேலாளருக்கு எழுதியிருந்தார். மேலாளர் அந்தக் கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, "அப்படீன்னா இதை எப்படிச் சரி பண்றதுன்னும் நீங்களே சொல்லுங்க" என்றார்.

முத்திரையைப் போட்டால் முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அன்றைக்கு அது முடியும். அடுத்த பதிப்பில் நம்மவர்கள் வேறு ஏதாவது மாற்றுவார்கள், தன்னார்வலர்கள் பக்கம் வேறு ஏதாவது மாறும், மறுபடி ஒன்று மற்றதோடு முட்டும். மக்களுக்குப் பயன்படும் இடத்தில் இரண்டு வகை மென்பொருளும் எப்போதும் இருக்கும். விலை கொடுத்து வாங்கி, கூப்பிட்டால் வர ஆள் வேண்டும் என்கிறவர்கள் இருப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடிந்தால்தான் நம்புவேன் என்கிறவர்களும் இருப்பார்கள். இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான். இரண்டையும் எழுதுகிறவர்களை ஒரே அறையில் உட்காரவைப்பதுதான் எனக்கு அடுத்த வேலை.

காக்ஸ் டவுனில் எங்கள் தேவாலயத்தின் கூடம் சனிக்கிழமை காலையில் காலியாக இருக்கும். கேட்டு வாங்கினேன். நம் நிறுவனத்திலிருந்து நான்கு பொறியாளர்கள், நாகராஜோடு மூன்று தன்னார்வலர்கள். லலிதாவையும் கூப்பிட்டிருந்தேன், எதற்கு என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

முதல் ஒரு மணி நேரம் சண்டை. நம் பொறியாளர் ஒருவர், பழைய வாடிக்கையாளர்களை அம்போவென்று விட முடியாது, தன்னார்வலர்களுக்கு அந்தக் கவலை கிடையாது என்றார். நாகராஜோடு வந்த பெண், நீங்கள் உள்ளே செய்வதை யாருக்கும் காட்டுவதில்லை, அதனால்தான் இந்தத் தவறு மூன்று மாதம் ஒளிந்திருந்தது என்றாள். இரண்டு பேச்சிலும் உண்மை இருந்ததால் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

நாகராஜ்தான் வழி சொன்னார். "யாரும் யார் ப்ரோக்ராமையும் மாத்த வேணாம். ஒரு பை மாதிரி வெச்சிக்கலாம். அதுல நூறு ஃபைல். பாதி நல்லது, பாதி நாமளே கெடுத்தது. பாதியில அறுந்தது, முத்திரை இல்லாதது, ஒரு எழுத்து மாறினது. ரெண்டு சாஃப்ட்வேரும் நல்லதத் தொறக்கணும், கெட்டதத் தொறக்கக் கூடாது. புதுசா எது வெளிய விட்டாலும் மொதல்ல இந்தப் பையில பாஸ் ஆகணும். பை எல்லாருக்கும் பொது."

நம் பொறியாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிரலைக் காட்டச் சொல்லவில்லை. நடத்தையைக் காட்டச் சொல்கிறார். அது நம்மால் முடியும். பழைய வாடிக்கையாளர்களுக்கும் வழி கிடைத்தது. முத்திரை இனி எப்போதும் போட்டிருக்கும். வேண்டாம் என்கிறவர்கள் தாங்களாகவே அணைக்க வேண்டும். அணைத்தால் திரையில் அது தெரிந்துகொண்டே இருக்கும். மேலாளரிடம் போனில் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "சரிங்க, செஞ்சிருங்க" என்றார்.

எல்லோரும் எழப்போன சமயம், அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த லலிதா பேசினார்.

"ஒண்ணு கேக்கலாமா? நாகராஜ் அண்ணா, உங்க சாஃப்ட்வேர் அன்னிக்கே சரியாத்தான் சொல்லுச்சு. ஆனா எனக்குப் புரியலையே. எனக்குப் புரிஞ்சிருந்தா நான் மேடமக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன். லேப்ப கூப்பிட்டிருப்பேன்."

நாகராஜ் தலையைச் சொறிந்தார். "அது சரிதான்மா. அந்த வரிய எழுதினதே நான்தான்" என்றார்.

அவரும் தவறு செய்திருந்தார் என்பது அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும்தான். எச்சரிக்கை சரியாக இருந்தது. எச்சரிக்க வேண்டியவருக்கு அது எட்டவில்லை. நான் அவருடைய மென்பொருளைத் தாண்டிப் போனதற்கு என் அவசரம் பாதிக் காரணம் என்றால், அந்தச் சிவப்பு வரி மீதிப் பாதி. அதன் பிறகு அந்தக் கூடத்தில் எங்கள் ஆட்கள், உங்கள் ஆட்கள் என்ற பேச்சு குறைந்துவிட்டது.

"அப்ப என்ன எழுதணும்?" என்று நம் பொறியாளர் கேட்டார். ஆளாளுக்கு எழுதிப் பார்த்தார்கள். 'கோப்பின் நம்பகத்தன்மையைச் சரிபார்க்க இயலவில்லை' என்றார் ஒருவர். லலிதா உதட்டைப் பிதுக்கினார். 'கோப்பு சேதமடைந்திருக்கலாம்' என்றாள் அந்தப் பெண். "இருக்கலாம்னா நான் என்ன பண்றது? திறந்துதான் பார்க்கலாமேன்னு தோணும்ல?" என்றார் லலிதா.

கடைசியில் பேனாவை வாங்கி அவரே ஒரு தாளில் எழுதினார். 'இந்தப் பட்டியல் முழுசா வரல. இதை வெச்சு யாரையும் கூப்பிடாதீங்க. அனுப்பினவங்களுக்கு போன் பண்ணி மறுபடி அனுப்பச் சொல்லுங்க.' அதற்குக் கீழே அதையே கன்னடத்திலும் எழுதினார். உருதுவில் எழுதித் தர இன்னொரு கிளினிக்கில் ஆள் இருப்பதாகச் சொன்னார்.

எழுத்து நடை சரியில்லை, கொஞ்சம் திருத்தலாம் என்று யாரோ சொன்னார்கள். நாகராஜ் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்து, விலைக்கு விற்கும் நம் மென்பொருளிலும் விலையில்லாத அவர்கள் மென்பொருளிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பது அந்த மூன்று வரிகள் மட்டும்தான். நீங்கள் பார்த்திருப்பீர்கள். யார் எழுதியது என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

புதிய பதிப்பு ஒன்பது கிளினிக்குகளுக்கும் போய்ச் சேர ஆறு வாரம் ஆனது. அதுவரை தினமும் எண்ணிக்கையை போனில் ஒப்பிட்டுக்கொண்டார்கள். முதல் நாள் நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். பழக்கத்தில் போனைப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் வேறு ஏதோ வேலையாக ஒக்கலிபுரம் பக்கம் போனபோது கிளினிக்குக்குள் எட்டிப் பார்த்தேன். லலிதா டீ வரவழைத்தார். பேச்சோடு பேச்சாக, முந்தின வாரம் ஒரு பட்டியல் அறுந்து வந்தது என்றார்.

டீயைக் கீழே வைத்தேன். "திறந்துச்சா?"

"இல்ல மேடம். உங்களதும் திறக்கல, நாகராஜ் அண்ணாவோடதும் திறக்கல. ரெண்டுலயும் போட்டுப் பார்த்தேன். லேப்புக்கு போன் பண்ணேன், பத்து நிமிஷத்துல முழுசா அனுப்பிட்டாங்க. அன்னிக்கே எல்லாரையும் கூப்பிட்டாச்சு."

"எனக்கு ஏன் லலிதா ஒரு போன் பண்ணல?"

அவர் என்னைக் கொஞ்சம் வியப்பாகப் பார்த்தார்.

"உங்களுக்கு எதுக்கு மேடம்? என்ன பண்ணணும்னு அதுலயே போட்டிருக்கே."